ஆடு செத்த பிறகு அனுதாபம் எதற்கு? எந்த நோய் என்று சொல்லும் சோதனையை மதுரையிலேயே நடத்து!

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! ஆடு மேய்க்கும் தாய்மார்களே! கிடை போடும் கீதாரிகளே!



வைகையில் தண்ணி வந்தாலும் வராவிட்டாலும், கண்மாய் பெருகினாலும் வறண்டாலும், மானாவாரிக் காட்டை நம்பிக் கிடக்கும் நம் குடும்பங்களுக்குக் கடைசிக் கைப்பிடி ஆடுதான். பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்டணுமா, ரெண்டு கிடாயைப் பிடி. மகளுக்குச் சீர் செய்யணுமா, நாலு பெட்டையை ஓட்டு. ஆஸ்பத்திரிச் செலவா, பட்டியைத் திற. நம்ம பேங்க் அக்கவுண்ட் தொழுவத்தில்தான் இருக்கு. 2019-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 98 லட்சம் வெள்ளாடும் 45 லட்சம் செம்மறியும் உள்ளன. இவை பெரிய முதலாளிகளின் பண்ணையில் நிற்கும் ஆடுகள் அல்ல. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவனும், அதுகூட இல்லாத கூலிக்காரனும் வளர்க்கிற ஆடுகள்.

இந்த ஆடுகள் கொத்துக் கொத்தாகச் சாகிறபோது, "என்ன நோய்?" என்று நாம் கேட்கிற கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் வருவதில்லை. அதற்காகத்தான் இந்தத் துண்டறிக்கை.

ஒரு பட்டியின் கதை

நம் மாவட்டத்து மானாவாரி ஊர் ஒன்று. புருசனை இழந்த ஒரு தாய், 34 வெள்ளாடுகளை வைத்து ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். சந்தையில் ரெண்டு குட்டி வாங்கிப் பட்டியில் சேர்த்தார். ஆறாம் நாள் ஒரு ஆடு இரை எடுக்கவில்லை. தொட்டால் நெருப்பாகச் சுட்டது. மூக்கில் சளி ஒழுகியது, கண்ணில் பீளை கட்டியது. அடுத்த ரெண்டு நாளில் வாயெல்லாம் புண், நாற்றம். பிறகு கழிச்சல், இருமல். சினை ஆடுகள் குட்டி வீசின. ரெண்டு வாரத்தில் 21 ஆடு மண்ணுக்குள் போய்விட்டது.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "கோமாரிதான்" என்றார் ஒருவர். "நீலநாக்கு" என்றார் இன்னொருவர். "வெயில் கழிச்சல், கசாயம் குடு" என்றார் மூன்றாமவர். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஊசிக்கே ஆயிரக்கணக்கில் போனது. கால்நடை மருத்துவர் வந்தார். நல்ல மனுசன், குறை சொல்ல மாட்டோம். மூக்கிலும் கண்ணிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார். முடிவு? இன்று வரை வரவில்லை. ரெண்டு மாதம் கழித்துச் சங்கத்தின் சார்பில் போய்க் கேட்டோம். "மேலே அனுப்பியாச்சு" என்றார்கள். மேலே என்றால் எங்கே? யாரிடம்? என்றைக்கு? சொல்ல ஆள் இல்லை.

ஒரு ஆடு 8,000 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 21 ஆட்டுக்கு 1,68,000 ரூபாய். அந்த வீட்டில் மூத்த பிள்ளை இப்போது படிப்பை விட்டுவிட்டு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இது ஒரு வீட்டுக் கதையா? உங்கள் ஊரில் இப்படி எத்தனை வீடு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நோயின் பெயர் தெரிந்தால் என்ன லாபம்?

"செத்த ஆடு செத்ததுதான், பெயர் தெரிந்து என்ன ஆகப் போகுது?" என்று சிலர் கேட்கிறார்கள். நம்மவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பி.பி.ஆர். என்று துறையில் சொல்லும் ஆட்டுக்கொல்லி நோய் ஒரு வைரஸால் வருவது. நோய் கண்ட ஆட்டின் சளி, கண்ணீர், எச்சில், கழிச்சல் வழியாகப் பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்குத் தாவும். ஒரே தொட்டியில் தண்ணி குடித்தால் போதும். முன்பு நோயே பார்க்காத, ஊசியும் போடாத மந்தையில் புகுந்தால் பாதிக்கு மேல் கொண்டுபோய்விடும். மனிதருக்கு இது வராது. வைரஸைக் கொல்ல மருந்தும் கிடையாது. நாம் போடும் ஆண்டிபயாட்டிக் ஊசி, பின்னால் சேரும் நிமோனியா, கழிச்சல் போன்ற கோளாறுகளைத் தடுக்கத்தான் உதவும். வராமல் காக்க நல்ல தடுப்பூசி இருக்கிறது. ஒரு முறை ஒழுங்காகப் போட்டால் மூன்று ஆண்டாவது தாங்கும்.

நீலநாக்கு வேறு. அதுவும் வைரஸ்தான். ஆனால் ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேராகத் தொற்றாது. கொசுவை விடப் பொடிசான ஒரு கடிப்பூச்சி கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால்தான் மழைக்காலத்தில், சேறும் சாணியும் கிடக்கும் இடத்தில் கூடுதலாக வருகிறது. வெள்ளாட்டை விடச் செம்மறியைத்தான் கடுமையாகத் தாக்கும். முகம் வீங்கும், வாயில் புண் வரும், கால் நொண்டும். 1997-98-ல் தமிழ்நாட்டுச் செம்மறி மந்தைகளை அது எப்படிச் சூறையாடியது என்று மூத்த கீதாரிகளைக் கேளுங்கள். அதற்குத் தடுப்பூசி தனி.

கோமாரி வேறு, ஆட்டம்மை வேறு, பாக்டீரியாவால் வரும் தொண்டை அடைப்பான் வேறு. தொண்டை அடைப்பானுக்கு ஆரம்பத்திலேயே சரியான ஊசி போட்டால் ஆடு பிழைக்கும்.

இப்போது யோசியுங்கள். வாயில் புண், மூக்கில் சளி, காய்ச்சல். வெறும் கண்ணால் பார்த்தால் பாதி நோய்களுக்கு இதே அடையாளம்தான். ஆட்டுக்கொல்லி என்றால் சுற்று வட்டார ஊர்களுக்கு உடனே ஊசி போடணும், சந்தைக்கு ஆடு போவதை நிறுத்தணும். நீலநாக்கு என்றால் பூச்சியை விரட்டணும், கிடையை மேட்டுக்கு மாற்றணும். அங்கே ஆட்டுக்கொல்லி ஊசியைப் போட்டு என்ன பிரயோசனம்? பெயர் தெரியாமல் செய்யும் வைத்தியம் இருட்டில் கல் எறிவதுதான். கல் நம் ஆட்டின் மேல்தான் விழுகிறது.

கொரோனாவுக்குச் செய்த அதே சோதனைதான்!

இந்த நோய்களைப் பிரித்துச் சொல்லும் சோதனை ஏதோ அமெரிக்காவில் மட்டும் இருப்பது என்று நினைக்காதீர்கள். 2020-ல் நம் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்தார்களே, ஆர்.டி.-பி.சி.ஆர்., அதேதான்! ஆட்டுக்கொல்லி வைரஸும் கொரோனா போலவே ஆர்.என்.ஏ. வகை வைரஸ்.

ஆட்டின் கண், மூக்கு, ஈறில் குச்சியால் துடைத்து எடுப்பார்கள். செத்த ஆடு என்றால் குடலை ஒட்டிய நெறிகட்டி, மண்ணீரல், நுரையீரலில் துண்டு எடுப்பார்கள். அதிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து டி.என்.ஏ.வாக மாற்றுவார்கள். பிறகு கருவி அதைச் சூடாக்கும், ஆற வைக்கும், மறுபடி சூடாக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வைரஸின் துண்டு மட்டும் இரட்டிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும்! ஒளிந்து கிடக்கும் துளி வைரஸும் பிடிபடும். எந்த வைரஸைத் தேடுகிறோமோ அதற்கென்று செய்த சாவியைப் போட்டால்தான் பூட்டுத் திறக்கும் என்பதால், ஆட்டுக்கொல்லியா நீலநாக்கா என்ற குழப்பமே வராது. கருவியில் வைத்த பிறகு சில மணி நேர வேலை.

இதில் ரெண்டு விசயத்தை மனசில் வைக்கணும். முதலாவது, காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களில் எடுத்தால்தான் வைரஸ் நிறையக் கிடைக்கும். மூணாவது வாரம் வந்து எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். இரண்டாவது, ஆர்.என்.ஏ. வெயில் தாங்காது. ஐஸ் பெட்டியில் வைத்து உடனே சோதனைக்கூடம் போய்ச் சேரணும். மதுரை வெயிலில் கவரில் போட்டு பஸ்ஸில் அனுப்பினால் வழியிலேயே கெட்டுப்போகும்.

ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கும் எலிசா சோதனையும் உண்டு. ஆனால் இன்று போடுகிற ஆட்டுக்கொல்லி ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியா, நோயால் வந்ததா என்று அது பிரித்துச் சொல்லாது. பட்டியில் இப்போது நோய் இருக்கா என்று தெரிய வைரஸையே தேடிப் பிடிக்கும் சோதனைதான் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில்தான். 1987-ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூர் கிராமத்தில், செம்மறி ஆடுகளில்! அதுவரை இப்படி ஆடு செத்தால் மாட்டு வெக்கை நோய் ஆட்டுக்கு வந்துவிட்டது என்று நினைத்தார்கள். ரெண்டும் ஒரே குடும்பத்து வைரஸ், அடையாளமும் ஒன்று போல. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் எம்.எஸ்.ஷைலாவும் தமிழ்நாட்டு விஞ்ஞானிகளும் சோதனைக்கூடத்தில் பிரித்துப் பார்த்து, இது வேறு நோய் என்று 1989-ல் உலகத்துக்குச் சொன்னார்கள். அந்த அரசூர் வைரஸிலிருந்தே நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் உருவாக்கியது. ஆக, அறிவுக்கு இங்கே பஞ்சம் இல்லை. நம் ஊர் ஆட்டின் உடம்பில் இருந்து எடுத்த அறிவு நம் ஊருக்குத் திரும்பி வரவில்லை என்பதுதான் நம் வழக்கு.

மாட்டு வெக்கை என்ன ஆச்சு? தாத்தா காலத்தில் ஊர் ஊராக மாட்டைக் கொன்ற நோய். இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டியதும் தமிழ்நாட்டில்தான், 1995-ல், வட ஆற்காடு பகுதியில். ஊர் ஊராகப் போய் ஊசி போட்டார்கள். ஊசியை நிறுத்திய பிறகும் ஓயாமல் தேடினார்கள், சந்தேகப்பட்ட மாட்டையெல்லாம் சோதித்தார்கள். 2006-ல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டது என்று அறிவிக்கப்பட்டது. 2011-ல் உலகமே விடுபட்டது. தடுப்பூசி, சோதனை ரெண்டும் சேர்ந்துதான் அந்த வெற்றி. ஒற்றை மாட்டை வைத்து ஏர் கட்ட முடியுமா?

இதே வழியில் ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிப்போம் என்று 2015-ல் உலக நாடுகள் கூடி முடிவெடுத்தன. இந்திய அரசும் அதே ஆண்டைத்தான் குறி வைத்திருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் நாங்கள் ஒன்று கேட்கிறோம். எந்த ஊரில் எந்த நோய் என்றே பதிவாகாத நாட்டில் நோய் ஒழிந்தது என்று எதை வைத்து அறிவிப்பீர்கள்? பெயர் தெரியாமல் புதைக்கப்படும் ஒவ்வொரு ஆடும் உங்கள் கணக்கில் இல்லாத ஆடு. காகிதத்தில் நோய் ஒழியும். பட்டியில் ஆடு ஒழியும்!

சாக்குப்போக்கும் நம் பதிலும்

"தடுப்பூசிதான் போடுகிறோமே, சோதனை எதற்கு?" என்கிறார்கள். ஆட்டுக்கொல்லி ஊசி உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், கலக்கிய பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். கரண்டு போன குளிர்பெட்டியில் இருந்ததா, சித்திரை வெயிலில் பைக்கில் வந்ததா என்று நமக்கு எப்படித் தெரியும்? ஊசி போட்ட மந்தையிலும் ஆடு செத்தால், அது ஊசி கெட்டதாலா அல்லது வேறு நோயா என்று சொல்ல வல்லது சோதனை மட்டுமே. அதோடு, வெள்ளாடு ரெண்டு வருசத்தில் மூணு ஈத்து ஈனுகிறது. போன முறை முகாம் நடந்தபோது பிறக்காத குட்டிக்கு யார் ஊசி போட்டது?

"செலவு அதிகம்" என்கிறார்கள். ஒரு தாயின் ஒரு பட்டியில் போனதே 1,68,000 ரூபாய். ஒரு ஊரில் பத்துப் பட்டி விழுந்தால் பதினாறு லட்சத்துக்கு மேல். முதல் பட்டியில் குச்சி எடுத்து, மூணாம் நாள் முடிவு சொல்லி, மற்ற ஒன்பது பட்டிக்கு ஊசி போட்டிருந்தால் மிஞ்சுகிற பணத்தைக் கணக்குப் பாருங்கள். எது செலவு, எது சேமிப்பு?

"பெரிய சோதனைக்கூடங்கள் இருக்கின்றனவே" என்கிறார்கள். இருக்கின்றன. 1932-ல் தொடங்கிய ராணிப்பேட்டை நிலையம் இருக்கிறது, மதுரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். சென்னை மாதவரத்தில் பல்கலைக்கழகத்தின் கூடங்கள் இருக்கின்றன, அதைவிடத் தூரம். பெங்களூரிலும் போபாலிலும் தேசியக் கூடங்கள் இருக்கின்றன. நம் பட்டியிலிருந்து குச்சி அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்து, முடிவு திரும்புவதற்குள் பட்டி காலியாகிவிடுகிறது.

"மதுரையில் முடியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். கொரோனா வந்தபோது மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே இந்தச் சோதனை நடந்தது, முடிவு செல்போனுக்கே வந்தது. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரத்தில் வாடிவாசல் திறந்தால், மருத்துவக் குழுக்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு காளையையும் பரிசோதிக்கிறார்கள். காளையைப் பரிசோதிப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை, அது நம் காளை, நம் பெருமை. ஆனால் கேமரா வராத பட்டியில் நிற்கும் வெள்ளாட்டுக்கு அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு கூடாதா?

"தகவல் சொல்வதில்லை, சந்தைக்கு ஓட்டிவிடுகிறீர்கள்" என்று நம்மையே குற்றம் சொல்கிறார்கள். உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டோம். நோய் கண்ட ஆட்டைப் பாதி விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறோம். அது திருமங்கலம் சந்தைக்கும் மேலூர் சந்தைக்கும் போய் இன்னும் பத்து ஊருக்கு நோயை இறக்குகிறது. தீபாவளி, பக்ரீத், ஆடி மாதக் கிடா வெட்டு நேரத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் ஏன் செய்கிறோம்? சொன்னால் முடிவும் வராது, ஈடும் வராது என்பதால்! தொற்றுநோய் கண்டால் தகவல் சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை என்று 2009-ம் ஆண்டு மத்தியச் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஆட்டுக்கொல்லியும் உண்டு. சொல்லும் கடமை நமக்கு என்றால், சொன்ன பிறகு முடிவைக் கையில் தரும் கடமை யாருக்கு? வெள்ளத்திலோ புயலிலோ ஆடு செத்தால் 4,000 ரூபாய் என்று 2022-ல் வந்த பேரிடர் நிவாரண விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். வைரஸ் அடித்துக்கொண்டு போனால் மட்டும் அது பேரிடர் இல்லையா?

நாம் செய்ய வேண்டியது

அரசைக் கேட்பதோடு நம் பங்கையும் செய்வோம். சந்தையில் வாங்கிய ஆட்டை 21 நாள் தனியாகக் கட்டுவோம். காய்ச்சல், சளி, வாய்ப்புண் கண்ட ஆட்டை அன்றைக்கே பிரிப்போம், பொதுத் தொட்டியில் தண்ணி காட்ட மாட்டோம். முதல் ஆடு படுத்த அன்றே கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்வோம், தேதியைக் குறித்து வைப்போம். குச்சி எடுக்கச் சொல்லிக் கேட்போம். செத்த ஆட்டைக் கண்மாயிலோ ஓடையிலோ வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்போம். குட்டிக்கு மூணு நாலு மாதம் ஆனதும் தடுப்பூசி போடுவோம்.

நமது கோரிக்கைகள்

1. ஆடு, மாடுகளின் தொற்று நோய்களுக்கான ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையை மதுரையிலேயே, ஆள், கருவி, ரசாயனம் மூன்றும் குறையாமல், இலவசமாக நடத்து!

2. குச்சி எடுத்த மூன்றாம் நாளுக்குள் முடிவை உரிமையாளர் கையில் தமிழில் எழுத்தில் கொடு! ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டு!

3. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்துக்கும் நடமாடும் ஊர்திக்கும் மாதிரி எடுக்கும் குச்சி, குழாய், ஐஸ் பெட்டி வழங்கு! அரை மணி நேரத்துக்குள் பட்டியிலேயே பார்க்கும் பட்டைச் சோதனையையும் கொண்டு வா!

4. ஆட்டுக்கொல்லி உறுதியானால் உடனே சுற்று வட்டார ஊர்களுக்குத் தடுப்பூசி போடு! ஆண்டுதோறும் புதுக் குட்டிகளுக்குத் தனி முகாம் நடத்து!

5. சோதனையில் உறுதியான நோயால் சாகும் ஒவ்வொரு ஆட்டுக்கும் சந்தை விலைக்கு ஏற்ற ஈட்டுத்தொகை கொடு! காப்பீட்டைச் சிறு, குறு ஆடு வளர்ப்போருக்கு முழு மானியத்தில் செய்து கொடு!

6. காலியாக உள்ள கால்நடை மருத்துவர், உதவியாளர் பணியிடங்களை நிரப்பு! ஆட்டுச் சந்தை கூடும் நாளில் வாசலிலேயே பரிசோதனை நடத்து!

தோழர்களே! இது மருத்துவர்களுக்கு எதிரான போராட்டம் அல்ல. பத்து ஊருக்கு ஓர் ஆளாக ஓடிக்கொண்டிருக்கும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். அடுத்து வரும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தன்று, மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் வருவோம். கடந்த ஓராண்டில் நம் ஊரில் எத்தனை ஆடு செத்தது, யாரிடம் சொன்னோம், முடிவு வந்ததா என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, மனுவாகக் கொண்டு வாருங்கள். அவர்கள் எழுதாத கணக்கை நாமே எழுதி அவர்கள் மேசையில் வைப்போம்!

மாட்டு வெக்கையை ஒழித்த நாட்டில் ஆட்டுக்கொல்லியை ஒழிக்க முடியாதா? முடியும்! கேட்டால்தான் கிடைக்கும்! கூடிக் கேட்டால்தான் காதில் விழும்!

மாதிரி எடு! முடிவு கொடு!
செத்த ஆட்டுக்கு ஈடு கொடு!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
விவசாயிகள் சங்கம், மதுரை மாவட்டம்